மொழியா, நிரலா: வேகம் குறித்த என் எண்ணம் மாறிய அனுபவம்

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக சி மொழியிலேயே நிரல் எழுதி வந்தவன் நான். நினைவகத்தை நாமே ஒதுக்கி நாமே விடுவிக்காத மொழிகளில் பெரிய வேலை எதுவும் ஆகாது என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். நினைவகத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் பைத்தான் மொழியில் எழுதுபவர்கள் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்றும் எண்ணியிருந்தேன்.

இரவுதோறும் பதிவுக் கோப்புகளைப் படித்து, ஏற்கெனவே வந்துவிட்ட அடையாள எண்களை நீக்கித் தரும் பைத்தான் நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. தொடக்கத்தில் சில நிமிடங்களில் முடிந்த அந்த வேலை, எண்களின் பட்டியல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடத் தொடங்கியது. மொழிதான் காரணம் என்று சொல்லி, அனைத்தையும் வரிக்கு வரி சி மொழியில் மாற்றி எழுத இரண்டு வாரம் கேட்டேன். உடன் பணிபுரிந்த ஒருவர், அதற்கு முன், நிரலின் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செல்கிறது என்று அளந்து காட்டும் புரொஃபைலரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். ஓட்டியதில், ஏறத்தாழ முழு நேரமும் ஒரே சிறு ஃபங்ஷனில் (நிரலின் ஒரு துணைப் பகுதியில்) கழிவது தெரிந்தது. ஒவ்வொரு எண்ணும் லிஸ்டில், அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலில், உள்ளதா என்று அது முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது. லிஸ்டை செட்டாக மாற்றினேன். ஓர் எண் இருக்க வேண்டிய இடத்தை அந்த எண்ணிலிருந்தே கணக்கிடும் ஹாஷ் முறையில் செட் தேடுவதால், பட்டியல் வளர்ந்தாலும் ஒரு தேடலுக்கான நேரம் சராசரியாகப் பெரிதும் மாறுவதில்லை. வேலை நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. சி மொழியில் எழுதியிருந்தாலும் அதே வரிசைத் தேடலைத்தான் நான் எழுதியிருப்பேன் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அது சில மடங்கு விரைவாக ஓடி, பட்டியல் இன்னும் வளர்ந்ததும் மீண்டும் அதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. கணினிகள் ஆண்டுதோறும் வேகமாகும், நிரலின் குறையை அவையே ஈடுசெய்துவிடும் என்று எண்ணியவன் நான். 2005-ஐ ஒட்டி ப்ராசசரின் கடிகார வேகம் ஏறுவது ஏறத்தாழ நின்று, அதற்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கை கூடத் தொடங்கியதன் பொருள் எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கணக்கீடு மிகுந்த ஒரு பைத்தான் நிரலை ஒரே நேரத்தில் ஓட வேண்டிய எட்டு இழைகளாக, அதாவது திரெட்டுகளாக, பிரித்தேன்; அது முன்பைவிடச் சற்று மெதுவாகவே ஓடியது. பைத்தானில் உள்ள ஜிஐஎல் என்னும் பூட்டு ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டுமே பைட்கோடை (பைத்தான் நிரலை மாற்றிப் பெறும் இடைநிலைக் கட்டளைகளை) இயக்க விடும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். (2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பில் இந்தப் பூட்டு இல்லாத சோதனை வடிவம் உண்டு. அன்று அது இல்லை.)

மீண்டும் மீண்டும் ஓடும் உள் லூப்பை மட்டும் ரஸ்ட் என்னும் மொழியில் எழுதினோம். இரண்டு திரெட்டுகள் ஒரே வெக்டரில் (எண்களின் தொகுப்பில்) எழுதுவதை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஏற்க மறுத்தபோது, முதல் மூன்று வாரமும் எனக்கு அதன் மீது கோபம்தான். பிறகு எங்கள் பழைய சி பிளஸ் பிளஸ் நிரலைத் திறந்து பார்த்தேன். அதே அமைப்பு அங்கே எந்த எச்சரிக்கையும் இன்றி கம்பைல் ஆகியிருந்தது. எப்போதாவது காரணம் தெரியாமல் வந்துகொண்டிருந்த தவறான மொத்தங்களுக்கு விடையும் அங்கேயே இருந்தது.

மறுமொழி 2 (முதல் பதிவர்)

சிறு சிறு வேகக் கூட்டல்களை 97 விழுக்காடு நேரம் மறந்துவிடலாம் என்று கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1974-இல் எழுதியதைப் பலரும் எடுத்துச் சொல்கிறோம். முக்கியமான அந்த 3 விழுக்காட்டை விட்டுவிடக் கூடாது என்று அவர் தொடர்ந்து எழுதியதைச் சொல்வதில்லை. தாங்கள் ரஸ்டுக்கு மாற்றிய லூப் அந்த 3 விழுக்காட்டைச் சேர்ந்தது. எங்கள் குழுவில் இப்போது யார் மொழியை மாற்றக் கேட்டாலும், அளந்து பெற்ற எண்களைக் கொண்டுவரச் சொல்கிறோம். சென்ற மாதம் நானே அப்படிக் கொண்டுபோய், படங்களைச் சுருக்கும் ஒரு பகுதியை சி மொழிக்கு மாற்ற ஒப்புதல் பெற்றேன்.