மறு: மருத்துவக் குறியீட்டு உரிமங்கள் - ‘கட்டற்ற’ என்று போடலாமா?

> ஸ்னோமெட் சிடி இந்தியாவில் இலவசம்தானே? ‘கட்டற்ற உரிமம்’ என்றே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

வணக்கம் ஐயா,

இதில் எனக்கு உடன்பாடில்லை. ‘கட்டற்ற’ என்ற சொல் மென்பொருளிலும் விக்கிப்பீடியாவிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். நோய்களையும் சிகிச்சைகளையும் கணினியில் பதிய உதவும் குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சிடியில் அப்படி இல்லை. மின்னணு நோயாளர் பதிவேட்டு மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனம் நம் சொல்லை நம்பி, அந்தக் கோப்புகளைத் தன் தளத்தில் எல்லாருக்குமாக ஏற்றிவிட்டால் அது உரிம மீறல்.

நடைமுறை இதுதான். லண்டனிலிருந்து இயங்கும், இந்தத் தொகுப்பின் உரிமையாளரான ஸ்னோமெட் இன்டர்நேஷனலுக்கு நாடுகள் உறுப்புக் கட்டணம் கட்டுகின்றன. இந்தியா 2014-ல் சேர்ந்தது. அரசின் கணினி ஆய்வு அமைப்பான புணே சி-டாக்கில் உள்ள தேசிய வெளியீட்டு மையத்தில் பதிவு செய்தால் இந்தியாவுக்குள் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டாம். அதே மென்பொருளை உறுப்பல்லாத ஒரு நாட்டின் மருத்துவமனைக்கு விற்றால், அந்நாட்டின் வருமான நிலையைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். ஆக, இங்கே இலவசம் என்பது நமக்காக அரசு கட்டிய பணம். உறுப்பு நாடுகளைத் தாண்டினால் அது செல்லாது. இந்த நிபந்தனை சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். உரிம ஒப்பந்தத்தை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு, பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம்.

என் பரிந்துரை: ‘உறுப்புநாட்டு உரிமம்’. ஐ.நா. செய்திகளால் ‘உறுப்பு நாடு’ எல்லாருக்கும் பழகிய சொல், விளக்கமே தேவைப்படாது. ‘தேசிய உரிமம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது அரசே வழங்கும் உரிமம் போல ஒலிக்கிறது, வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 வேறு வகை. எந்த நாட்டில் பயன்படுத்தினாலும் பணமில்லை, ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸின் மாற்றத்தடை உரிமத்தில் வருகிறது, அதாவது பகிரலாம், மாற்றி வெளியிடக் கூடாது. அனுமதி பெறாமல் அதன் தமிழாக்கத்தைக்கூட வெளியிட முடியாது. கலைச்சொல் ஆக்கும் நமக்கு இது நேரடியாகவே பொருந்தும். அதற்குக் ‘கட்டணமில்லா உரிமம்’ போதும், பக்கத்தில் ‘மாற்றத்தடை’ என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். ஆய்வகச் சோதனைகளுக்கான லாயிங்க் (LOINC) குறியீடுகளையும் இதே தலைப்பில் வைக்கலாம்.

அப்புறம், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிகிச்சைக் குறியீடான சிபிடிக்குக் ‘கட்டண உரிமம்’ என்று வெளிப்படையாகவே போடுவோம். அமெரிக்க அரசு விதிகளே கேட்கும் குறியீடு அது, இருந்தும் பதிப்புரிமை சங்கத்திடம்தான். ‘பொது’ என்ற சொல் அதன் பக்கத்தில்கூட வரக் கூடாது.

‘உறுப்புநாட்டு’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.