ஃபேண்டஸி தொடர், கிராஃபிக் நாவல்: எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது?

தாழ்வாரம் (கேள்வி):
13 வயதுப் பெண்ணுக்காகக் கேட்கிறேன். கிராஃபிக் நாவல் (படங்களாலேயே சொல்லும் நீண்ட கதை) ஒரு வால்யூமை அரை மணியில் புரட்டிவிட்டு "ஒண்ணும் புரியல" என்கிறாள். எழுத்தில் உள்ள தொடர் என்றால் இரண்டாம் புத்தகத்திலேயே பெயர்கள் குழம்பிப் பாதியில் விட்டுவிடுகிறாள். நார்னியா என்ற ஃபேண்டஸி நாவல் தொடரின் செட்டில் 1 என்று போட்டிருப்பதிலிருந்து ஆரம்பிக்கலாமா? கிராஃபிக் நாவல் படிக்க டேப்லெட் போதுமா?

செங்காந்தள்:
அந்த எண்ணை நம்ப வேண்டாம். இப்போதைய பதிப்புகள் பலவற்றில் 1 என்று இருக்கும் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' உண்மையில் ஆறாவதாக, 1955-இல் வந்தது. முதலில் வந்தது 1950-இன் 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. அதில் பனிக்காட்டுக்கு நடுவே ஒற்றை விளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கும். அது அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஆறாவதில்தான் விடை. விடையை முதலிலேயே படித்துவிட்டால் கம்பத்தைப் பார்க்கும்போது ஒரு வியப்பும் இராது. பின்னால் எழுதிய முன்கதையைப் பின்னால் படிப்பதே பெரும்பாலும் சரி.

உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ ஃபேண்டஸி தொடரில் சிக்கல் வேறு. 1968, 1971, 1972-இல் வந்த முதல் மூன்று நாவல்களையும் ஒரே மூச்சில் படிக்கலாம். நான்காவதான 'டெஹானு' 1990-இல் வந்தது. கொடுமைக்கு ஆளான குழந்தை, நடுவயதுப் பெண்ணின் வாழ்க்கை என்று தொனியே மாறிவிடும். இப்போதைக்கு மூன்றோடு நிறுத்துங்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொடரலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு: பக்க அடையாளத்துக்கு வைக்கும் அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பெயரும் வேண்டாம், இரண்டாம் முறை தலைகாட்டுபவர் மட்டும். யார் பக்கம், என்ன வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். புத்தகம் முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த முடிச்சு அவிழவில்லை என்று நாலு வரி. அடுத்த பாகம் தொடங்கும்போது அந்த நாலு வரிதான் கை கொடுக்கும்.

கட்டம்கட்டி:
அரை மணியில் முடிகிறதென்றால் பலூன்களை (வசனம் எழுதிய குமிழ்களை) மட்டும் படிக்கிறாள். வசனமே இல்லாத பேனல்களை (படக் கட்டங்களை) கண் தாவிவிடும், கதையின் பாதி அங்கேதான் இருக்கும். முதல் வாசிப்பைத் தடுக்காதீர்கள், அவள் வேகத்திலேயே போகட்டும். பிறகு ஒரே ஒரு காட்சி, ஆறேழு பக்கம். பலூன்கள் மேல் சிறு ஒட்டுத்தாள் வைத்து மறைத்துவிட்டு, முகம், கை, நிறம் இவற்றை மட்டும் பார்த்து என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு பேனலுக்கும் அடுத்ததற்கும் இடையில் கழிந்தது ஒரு நொடியா, ஒரு வருடமா என்றும் கேளுங்கள். பேனலின் ஓரக்கோடு திடீரென வளைந்தாலோ, பக்கத்தின் பின்னணி நிறம் மாறினாலோ பல சமயம் அது பழைய நினைவு. இதைத் தவறவிடுபவர்கள்தான் "புரியல" என்பார்கள்.

மங்கா (ஜப்பானியப் படக்கதை) என்றால் வலமிருந்து இடம். பேனல்களைச் சரியாகப் படித்துவிட்டு, அதற்குள் இருக்கும் பலூன்களைப் பழக்கதோஷத்தில் இடமிருந்து படிப்பார்கள். கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கும்!

மலைமுகடு:
தொடங்க என் ஓட்டு 'போன்' (Bone) என்ற கிராஃபிக் நாவல் தொடருக்கு. 1991 முதல் 2004 வரை கறுப்பு வெள்ளையில் வந்தது, மொத்தம் 9 வால்யூம். சிரிப்புப் படக்கதை போல ஆரம்பித்துப் போகப் போகக் கனமாகும், அதனால் வாசகரும் கூடவே பழகிவிடுவார். வண்ணப் பதிப்பைத் தனித்தனி வால்யூமாக வாங்குங்கள். 1,300 பக்கத்துக்கு மேல் உள்ள ஒரே தொகுப்பு இந்த வயதுக்குக் கையில் நிற்காது. அடுத்து 'அமுலெட்' என்ற கிராஃபிக் நாவல் தொடர், அதுவும் 9 வால்யூம், 2024-இல் முடிந்துவிட்டதால் காத்திருக்க வேண்டாம். ஆனால் தொடக்கத்திலேயே கார் விபத்தில் அப்பா இறக்கிறார். முன்கூட்டித் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

டேப்லெட் 10 இன்ச்சாவது வேண்டும். பேனல் பேனலாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், பக்க அமைப்பே போய்விடும். இரு பக்கம் விரியும் படங்களுக்குக் கருவியைக் கிடைமட்டமாகப் பிடிக்கலாம்.

தாழ்வாரம்:
நன்றி. பெர்சி ஜாக்ஸன் ஃபேண்டஸி தொடர் இரண்டு வடிவிலும் இருக்கிறதே, அதில் நாவல் முதலா, கிராஃபிக் வடிவமா?

செங்காந்தள்:
நாவல். கதையைச் சொல்வதே பெர்சிதான். கணக்கு டீச்சரைத் தெரியாமல் ஆவியாக்கிவிட்டேன் என்கிற பாணியில்தான் முதல் அத்தியாயத் தலைப்பே இருக்கும். படவடிவத்தில் முதலில் வெட்டு விழுவது அந்த நக்கல் பேச்சுக்குத்தான். 50 பக்கம் தாண்டியும் ஓடவில்லையென்றால் மட்டும் மாற்றிக் கொடுங்கள்.