மறு: பாட்டில்நெக்குக்குத் தமிழ் – தடையா, மடையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உற்பத்தியில் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிற குறுகலான இடத்தைத்தான் ஆங்கிலத்தில் பாட்டில்நெக் என்கிறார்கள். அதற்கு ‘மடை’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘தடை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஐயா. தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தடை என்றால் அகற்றிவிட வேண்டியது. பாட்டில்நெக்கைப் பற்றி மேலாண்மை அறிஞர் எலியாகு கோல்ட்ராட் 1980களில் சொன்னது வேறு: மொத்த ஓட்டத்தை எந்த இடம் தீர்மானிக்கிறது என்று முதலில் பார், அங்கே ஒரு மணி நேரமும் வீணாகக் கூடாது, மற்ற பிரிவுகள் அதன் வேகத்துக்கு இசையட்டும். அதைப் பெரிதாக்குவது அதற்குப் பிறகுதான்.

நம் நீலகிரி மலை ரயிலையே பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஊர்ந்துதான் ஏறும். அந்தப் பாதையைத் தடை என்போமா? வண்டியை மேலே கொண்டுவருவதே அதுதானே!

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதினேன். மழை மாதத்தில் பசுந்தேயிலை வந்து குவியும். இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர், அதன் மேல் மழை ஈரம் வேறு. அரைப்பதற்கு முன் தொட்டியில் பரப்பி வாட்ட வேண்டும். வாடிய இலையை அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். அன்று காம்பு நறுக்கென்று முறிந்தது, அதாவது இலை சரியாக வாடவில்லை. இருந்தும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்று அப்படியே உள்ளே தள்ளினார்கள். அந்தப் பிரிவின் கிலோ செலவை மாதாமாதம் தனித்தாளில் காட்டியவன் நான். என் தாளில் செலவு குறைந்தது. உலர்த்தியில் விறகு கூடியது, குன்னூர் ஏலத்தில் தூள் விலை இறங்கியது. மூன்றும் மூன்று தாளில் கிடந்தன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

அதனால்தான் ‘மடை’ என்கிறேன். வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் வயலுக்கு வருவது மடை விட்ட தண்ணீர்தான். விற்ற பணத்தில் மூலப்பொருள் போன்ற நேர் மாறுசெலவை மட்டும் கழித்தால் வரும் த்ரூபுட்டை ‘மடைவரவு’ எனலாம். அந்த வழியில் போடும் கணக்கு ‘மடைக் கணக்கியல்’. எங்கள் மடையான வாட்டும் தொட்டியின் ஒரு மணி நேரத்துக்கு மடைவரவு எவ்வளவு என்று கேட்டிருந்தால், முற்றின இலையை வாங்கித் தொட்டியை அடைத்திருக்க மாட்டோம்.

பாட்டில்நெக்குக்குக் ‘கட்டுப்பாடு’ என்பதும் ஒத்துவராது, வரவுசெலவுக் கட்டுப்பாடு என்று ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. நிதியை வேறு வேலைக்குத் திருப்புவதை நிதி மடைமாற்றம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே என்று நம் குழுவில் ஓர் அக்கா கேட்டிருந்தார். சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பிரிவு பிரிவாக அல்லாமல் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற சிஸ்டம்ஸ் திங்கிங்குக்குத்தான் மனம் நிறைகிற சொல் இன்னும் அகப்படவில்லை. ‘அமைப்பு’ என்றால் சங்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.