பாண்டாஸ் இன்ஸ்டால் ஆகியும் இம்போர்ட் ஆகவில்லை. தமிழ் சிஎஸ்வி கோப்பும் திறக்கவில்லை

பலகாரக்கணக்கு கேட்டது:

வணக்கம். கோட்டையூரில் எங்கள் அத்தை பலகாரம் செய்து கொடுக்கிறார். கல்யாணச் சீருக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு டின்னில் அனுப்ப என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். கணக்கு என் பொறுப்பு. எக்செலில் ஒரே தாள்தான்: தேதி, பெயர், ஊர், பலகாரம், கிலோ, தொகை. எந்த மாதத்தில் எந்தப் பலகாரம் எத்தனை கிலோ போனது என்று தெரிந்தால் வைகாசிக்கு முன்பே பச்சரிசியும் உளுந்தும் வாங்கிப் போட்டுவிடலாம். அதற்காகத்தான் பைத்தான் கற்றுக்கொள்கிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாண்டாஸ் என்பது பைத்தானில் அட்டவணைக் கணக்குப் பார்க்க உதவும் கூடுதல் தொகுப்பு; பிப் என்பது அப்படிப்பட்ட தொகுப்புகளைப் போடும் கருவி. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) பிப் இன்ஸ்டால் பாண்டாஸ் என்று அடித்தால் "ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு", அதாவது ஏற்கெனவே இருக்கிறது, என்கிறது. நிரல் எழுதும் விஎஸ் கோடில் நிரலை ஓட்டினால் "நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்", அப்படி ஒன்று இல்லை, என்கிறது.

சரி, பாண்டாஸ் இல்லாமலே பார்க்கலாம் என்று எக்செல் தாளை சிஎஸ்வி யூடிஎஃப்-8 (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்று சேமித்து, பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலால் திறந்தேன். "சார்மேப் கோடெக் கான்ட் டீகோட் பைட் 0எக்ஸ்8டி இன் பொசிஷன் 30" என்று நின்றுவிட்டது. இதே நிரலும் இதே கோப்பும் தம்பியின் கல்லூரி லேபில், லினக்ஸ் கணினியில் ஓடுகின்றன. என்னுடையது விண்டோஸ் 11. பைத்தானைத் தம்பிதான் போட்டுக் கொடுத்தான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து ஒருமுறை, பைத்தான் தளத்தில் இருந்து ஒருமுறை என்று நினைக்கிறேன்.

புதுவயல் பதில்:

பைத்தான் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் புதிதாகப் போடுங்கள். போடும்போது "ஆட் டு பாத்" பெட்டியில் டிக் செய்யுங்கள். கோப்புக்கு என் யோசனை: பெயர், ஊர், பலகாரம் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். தமிழ் இருந்தால் இந்தத் தலைவலி தீராது.

செக்காலை ரோடு பதில்:

புதுவயல் சொன்னதில் முதல் பாதி தப்பில்லை. இரண்டாவது பாதியைச் செய்யாதீர்கள் தங்கச்சி. உங்கள் கோப்பில் ஒரு குறையும் இல்லை. காரைக்குடியில் சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் முதலில் நினைப்பது இதைத்தான், தமிழ் எழுதியதால்தான் கணினி கோபிக்கிறது என்று. அப்படி இல்லை.

(ஃபோனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகவே தந்திருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் பாண்டாஸ். உங்கள் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கின்றன. டெர்மினலில் "பிப்" என்று அடிக்கும்போது ஒரு பைத்தானின் பிப் எழுந்து வருகிறது. விஎஸ் கோடு ஓட்டுவது இன்னொன்றை. ஒன்றில் போட்ட பாண்டாஸ் மற்றதற்குத் தெரியாது. இரண்டு செய்தியும் உண்மைதான், ஆனால் சொல்வது வேறு வேறு பைத்தான்கள். சந்தேகமாக இருந்தால் நிரலின் தலையில் இரண்டு வரி போடுங்கள்: இம்போர்ட் சிஸ், அப்புறம் பிரின்ட் அடைப்புக்குறிக்குள் சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள். எந்த பைத்தான் ஓடுகிறது என்று முழுப் பாதையோடு வந்துவிடும். இந்த வரியைப் பார்க்காமல் எதையும் நீக்கவோ போடவோ வேண்டாம்.

அப்புறம், இந்த வேலைக்கென்று தனிச் சூழல் ஒன்று, அதாவது தனக்கென்று பைத்தானும் தொகுப்புகளும் உள்ள கோப்புறை, வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கோப்புறையை விஎஸ் கோடில் திறந்து, டெர்மினலில்:

பைத்தான் -எம் வென்வ் வென்வ்

என்று அடியுங்கள். முதல் "வென்வ்" கருவியின் பெயர், இரண்டாவது அது உண்டாக்கும் கோப்புறையின் பெயர். அடுத்து:

வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ் ஓப்பன்பைஎக்செல்

ஓப்பன்பைஎக்செல் என்பது எக்செல் கோப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் தொகுப்பு. "வென்வை ஆக்டிவேட் செய்" என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். விண்டோஸ் டெர்மினலில் ஓடும் பவர்ஷெல்லில் அது பல நேரம் "ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்டு" என்று மறுத்துவிடும், புதிதாகக் கற்பவர் அங்கே இன்னொரு சுழலில் விழுவார். மேலே சொன்னபடி பாதையோடு அடித்தால் ஆக்டிவேட் தேவையே இல்லை. "-எம் பிப்" என்று எழுதுவதும் அதற்காகத்தான்: எந்த பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதற்கே பாண்டாஸ் போய்ச் சேரும். கடைசியாக, விஎஸ் கோடில் கன்ட்ரோல் ஷிஃப்ட் பி (பைத்தானின் முதல் எழுத்து) அழுத்தி "பைத்தான்: செலெக்ட் இன்டர்ப்ரெட்டர்" என்று தேடி, வென்வ் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே கோப்புறையில் பாண்டாஸ் டாட் பிஒய், சிஎஸ்வி டாட் பிஒய் என்ற பெயரில் உங்கள் நிரல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பைத்தான் அதைத்தான் இம்போர்ட் செய்யும்; பெயரை மாற்றிவிடுங்கள்.

இனி 0எக்ஸ்8டி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தமிழில் கோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் வருவது இது.

யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளை எண்களாக (பைட்களாக) சேமிக்கும் ஒரு முறை. அதில் ஒரு தமிழ்க் குறி (எழுத்தோ, அதோடு ஒட்டும் கொம்பு, கால், புள்ளியோ) மூன்று பைட் எடுக்கும். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு ஈ0, ஏஎஃப், 8டி என்று மூன்று பைட். விண்டோஸில் பைத்தான் ஒரு கோப்பைத் திறக்கும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அது கணினியின் பழைய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது விண்டோஸ் 1252. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. உங்கள் நிரல் அந்தக் காலி இடத்தில்தான் இடறி நின்றது.

எந்த எழுத்தில் என்றுகூடச் சொல்லலாம். எக்செல் யூடிஎஃப்-8 சேமிக்கும்போது கோப்பின் தலையில் பாம் என்ற மூன்று பைட் அடையாளம் வைக்கும். அதன்பின் "தேதி", நான்கு குறி, பன்னிரண்டு பைட். ஒரு காற்புள்ளி. பிறகு "பெயர்". பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள், 30ஆம் இடத்தில் நிற்பது "பெயர்" என்பதன் கடைசிப் புள்ளியின் மூன்றாவது பைட். நீங்கள் தந்த செய்தியில் இருக்கும் அதே 30. லினக்ஸ் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதால் தம்பியின் லேபில் ஓடுகிறது.

தீர்வு ஒரு சொல்தான். ஓப்பன் கட்டளைக்குள் என்கோடிங் = யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தாலும் திறக்கும், ஆனால் அந்த பாம் அடையாளம் "தேதி" என்ற தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு "தேதி" பத்தியைக் கேட்டால் கீ எரர் (அப்படி ஒரு தலைப்பு இல்லை என்ற பிழை) வரும். "சிக்" சேர்த்தால் அதை உரித்துவிட்டுப் படிக்கும்.

எக்செலில் வெறும் "சிஎஸ்வி காமா டிலிமிட்டெட்" என்று மட்டும் சேமித்துவிடாதீர்கள். தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறிப் போகும், அதைத் திருப்பி எடுக்க வழி கிடையாது.

பலகாரக்கணக்கு:

அண்ணே, பாண்டாஸ் வந்துவிட்டது! கோப்பும் திறந்துவிட்டது. அந்த 30ஐ நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஆனால் விடை ஒத்துவரவில்லை. தொகையைக் கூட்டினால் "1,25,00018,500" என்பதுபோல ஒட்டிக்கொண்டு நீளமாக வருகிறது. தேதியும் கோளாறு. 08-06-2024 அன்று கொடுத்த கல்யாணச் சீர் ஆகஸ்ட் கணக்கில் நிற்கிறது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று அத்தை கேட்கிறார். வரிசைகளும் பாதிக்குமேல் காணோம். தேதிக்கு எரர் வந்ததால் இணையத்தில் பார்த்து "எரர்ஸ் = கோயர்ஸ்" என்று சேர்த்தேன், அப்புறம் எரர் வரவில்லை.

இன்னும் இரண்டு: மணகோலம் என்ற பலகாரம் பட்டியலில் இருமுறை வருகிறது, இரண்டு தனித்தனிக் கூட்டுத்தொகையோடு. எழுத்துப் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கிலோ பத்தியில் சில இடத்தில் "01-பிப்", "03-ஏப்" என்று இருக்கிறது.

செக்காலை ரோடு:

அத்தை கேட்ட கேள்விதான் சரியான சோதனை. விடை வந்ததும் அதை ஊர் நடப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

பாண்டாஸ் இயல்பாக மாதத்தை முதலில் படிக்கும். 08-06 அதற்கு ஆகஸ்ட் 6. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பு முதல், முதல் தேதியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் அதே வடிவத்தில் எதிர்பார்க்கிறது. 25-06-2024 வந்ததும் 25ஆம் மாதம் இல்லை என்று எரர் கொடுத்தது. அது உங்களுக்கு உதவத்தான் வந்தது. கோயர்ஸ் போட்டதும், 12க்கு மேற்பட்ட நாள்கள் எல்லாம் நாட் என்ற வெற்று மதிப்பாகி மாதக் கூட்டலில் இருந்து விழுந்துவிட்டன; மிச்சமிருப்பவை நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கின்றன. அதை எடுத்துவிடுங்கள். எரரை வாயடைக்கும் எந்த வரியையும் பொருள் தெரியாமல் சேர்க்கவேண்டாம்.

தேதியைப் படிக்கும் டூ டேட்டைம் கட்டளையில் ஃபார்மேட் என்று கொடுத்து, மேற்கோள் குறிக்குள் %டி-%எம்-%ஒய் என்று எழுதுங்கள். டி, எம் இரண்டும் சின்ன எழுத்து, ஒய் பெரிய எழுத்து. பெரிய எம் என்றால் நிமிடம். சின்ன ஒய் என்றால் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும்.

தொகை பத்தி எண்ணாக வரவில்லை, எழுத்தாக வந்திருக்கிறது. அதனால்தான் கூட்டும்போது ஒட்டுகிறது. பாண்டாஸில் கோப்பைப் படிக்கும் ரீட் சிஎஸ்வியில் தௌசண்ட்ஸ் = காற்புள்ளி என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். நம் லட்ச முறையில் 1,25,000 என்று இருந்தாலும் காற்புள்ளிகளை எடுத்துவிட்டுப் படிக்கும். ஆனால் எங்காவது ரூபாய்க் குறியோ "ரூ." என்றோ இருந்தால் பத்தி முழுக்க மறுபடி எழுத்தாகிவிடும். எந்தப் பத்தி எண், எது எழுத்து என்று காட்டும் டிடைப்ஸை அச்சிட்டுப் பாருங்கள். தொகைக்கு நேரே ஆப்ஜெக்ட் அல்லது எஸ்டிஆர் என்று வந்தால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது.

மணகோலம் ஏன் இரண்டாக வருகிறது என்று யாராவது சொல்லுங்கள், பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

மணகோலத்தில் இருக்கும் "கோ"தான் காரணம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அது இருப்பதால் எனக்கு நன்றாகப் பழக்கம். யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைச் சுழி கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. குறிகளை எண்ணிச் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள், ஒரு மணகோலத்துக்கு 7 வரும், மற்றதற்கு 8. பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியல், பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்த பெயர், இப்படி எங்கிருந்தாவது வந்திருக்கும்.

பலகாரம், ஊர், பெயர் மூன்று பத்திக்கும் எஸ்டிஆர் டாட் நார்மலைஸ் போட்டு, அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு என்எஃப்சி என்று கொடுங்கள். பிரிந்திருப்பது ஒன்றாகிவிடும். கூடவே எஸ்டிஆர் டாட் ஸ்ட்ரிப்பும் போடுங்கள், வால் பக்கம் இருக்கும் இடைவெளி போகும். இதைச் செய்யாவிட்டால் கோட்டையூர், தேவகோட்டை, கோனாபட்டு மூன்றும் ஊர்ப் பட்டியலில் இரட்டையாக வரும்.

01-பிப் என்பது அரைக் கிலோ. 1/2 என்று அடித்ததை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டது. 03-ஏப் முக்கால், 01-ஏப் கால். உங்கள் கணினியில் நாள்/மாதம் என்ற அமைப்பு இருப்பதால் பின்னம் அப்படியே தெரிகிறது, அதனால் மீட்டுவிடலாம். சில வரிசைகள்தான் என்றால் எக்செலிலேயே 0.5, 0.75 என்று கையால் திருத்துங்கள், நிரல் எழுத வேண்டாம். செல்லை முதலில் நம்பர் என்று மாற்றிக்கொண்டு அடியுங்கள். இனிமேலும் 0.5 என்றே அடியுங்கள்.

பலகாரக்கணக்கு:

மணகோலம் ஒன்றாகிவிட்டது. லென் 7, 8 என்றுதான் வந்தது! சீர் ஜூனுக்குப் போய்விட்டது, தொகையும் கூடுகிறது. கடைசியாக ஒன்று. மாதக் கணக்கை டூ சிஎஸ்வி (பாண்டாஸ் சிஎஸ்வி கோப்பாக எழுதும் கட்டளை) போட்டு அத்தையிடம் எக்செலில் காட்டினால் தமிழ் குப்பையாகத் தெரிகிறது. விஎஸ் கோடில் திறந்தால் நன்றாக இருக்கிறது.

செக்காலை ரோடு:

கோப்பு சரிதான். தலையில் பாம் இல்லாததால் எக்செலுக்கு அது யூடிஎஃப்-8 என்று தெரியவில்லை. டூ சிஎஸ்வியிலும் என்கோடிங் = யூடிஎஃப்-8-சிக் கொடுங்கள். இல்லையென்றால் டூ எக்செல் போடுங்கள்; ஓப்பன்பைஎக்செல் ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள், அத்தைக்கு நேராக எக்செல் கோப்பாகவே கிடைக்கும். எழுதும்போது அந்தக் கோப்பு எக்செலில் திறந்திருந்தால் பெர்மிஷன் எரர் வரும், மூடிவிட்டு ஓட்டுங்கள்.