பாப்பி விளக்கு மாதிரியில் சிவப்பும் வெள்ளையும் பிரியவில்லை

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகச் சென்னை விமான நிலையத்தின் 07 ஓடுபாதை முனையைச் செய்கிறோம். எண்ணும் முனைக் கோடுகளும் அழகாக வந்துவிட்டன. விமானம் சரியான கோணத்தில் இறங்குகிறதா என்று விமானிக்கு நிறத்தால் காட்டும், ஓடுபாதையோரம் வரிசையாக நிற்கும் நான்கு பாப்பி (PAPI) விளக்குகளில்தான் மூன்று வாரமாகத் திணறுகிறோம். சரியான 3 டிகிரி இறக்கத்தில் ஓடுபாதையை ஒட்டிய இரண்டு சிவப்பாகவும் வெளிப்பக்க இரண்டு வெள்ளையாகவும் தெரிய வேண்டும். எங்களுடையதில் நான்கும் வெளிர் ரோஜா நிறம்; கண்ணை மெல்ல உயர்த்தினாலும் நிறம் சட்டென்று மாறுவதில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளை எல்இடி, மேல்பாதியை மறைக்கும் சிவப்புக் கண்ணாடித்தாள், 50 மி.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ். தாள் எல்இடியை ஒட்டி, லென்ஸிலிருந்து 70 மி.மீ. தள்ளி இருக்கிறது. பெட்டிக்குள் கறுப்பு பூசினோம், எல்இடியையும் மாற்றினோம், பயனில்லை. மதுரையில் இருக்கிறோம், கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை.

தாளின் விளிம்பு சரியாக 50 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டுமா, அல்லது லென்ஸையே மாற்ற வேண்டுமா?