பிக்கப்பில் பெரிய டயர், மட்கார்டு வேலை: நீலகிரி ஓட்டுநர்களின் அனுபவப் பகிர்வு

ஊட்டி, வி-கிராஸ்

முதலில் கணக்கு, என் வி-கிராஸ் (இசுசு பிக்கப்) டயரை வைத்து. 245/70 ஆர்16 டயரின் (அகலம் 245 மி.மீ., பக்க உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம்) விட்டம் சுமார் 749 மி.மீ. 265/75 ஆர்16 போட்டால் 804. அதாவது ஆரத்தில் 27 மி.மீ., பழைய ரிம்மையே வைத்தாலும் உள்ளே வெளியே தலா 10 மி.மீ. கூடுதுங்க. "ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ரெண்டு இன்ச் தூக்கும் லிஃப்ட் போட்டா போதும், மட்கார்டைத் தொடவே வேண்டாம்" என்று பலர் சொல்வாங்க. வண்டி நிற்கும்போது அந்த இடைவெளி தெரியும். ஸ்பிரிங் முழுசா அமுங்கினால் டயர் பழைய உயரத்துக்கேதான் ஏறும், ஏன்னா பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் அதுக்கு மேல அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இருந்த இடத்திலேயே இருக்கு.

கீழே சமவெளிப் பட்டறையில், தட்டையான தரையில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்து "எங்கேயும் உரசலை" என்று அனுப்பிய வண்டிதான் கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசிகளில் உரசும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வந்து ஸ்பிரிங் அமுங்குது, வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் அமுங்குது, அதே நேரம் ஸ்டியரிங் லாக் வரைக்கும் (திரும்பக்கூடிய கடைசி எல்லை) போகுது. கீழே இந்த மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். இங்கே வளைவுக்கு வளைவு வரும்.

அதனால் சோதனையும் அப்படியே இருக்கணும். டெக்கில் (பின்னால் சாமான் ஏற்றும் தட்டு) வழக்கமான லோடை ஏற்றுங்க. ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் 20 செ.மீ. கட்டைமேல் ஏற்றி, மற்ற சக்கரங்களுக்கு அணை கொடுங்க. லைனரின் (மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) பின்பக்கம், கேபின் அடிமடிப்பு (முன்சக்கரத்துக்குப் பின்னால் கேபின் தகடுகள் சேரும் விளிம்பு), பம்பர் மூலை ஆகிய மூன்று இடத்திலும் 3 செ.மீ. தடிமனுக்குக் களிமண் ஒட்டி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்க. நசுங்கியது போக மிஞ்சும் தடிமன்தான் உண்மையான இடைவெளி. 15 மி.மீ.க்குக் குறைந்தால் அங்கே வேலை இருக்கு. மறுபக்கமும் இதே மாதிரி பார்க்கணும்.

கோத்தகிரி, பொலிரோ கேம்பர்

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். உரசலை நிறுத்தச் சுலபவழி என்று ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை வெளியே திருகி லாக்கைக் குறைத்துக் கொடுக்கிறாங்க. மலையில் அதை ஒத்துக்கவே கூடாது. ஒரே மூச்சில் திரும்பிய வளைவில் பாதியில் நிறுத்தி ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும். பின்னால் கேரட் மூட்டை ஏற்றிய லாரி, பக்கத்தில் பள்ளம். எஸ்டேட் ரோட்டில் இன்னும் மோசம். தகட்டை வெட்டினாலும் பரவாயில்லை, லாக்கைத் தொடாதீங்க.

ரிம் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) அதே மாதிரி. +33 இருந்த இடத்தில் 0 ரிம் போட்டால் டயர் 33 மி.மீ. வெளியே வரும். பார்க்க நல்லா இருக்கும். ஆனால் திரும்பும்போது அது போடும் வட்டம் பெரிசாகி, முன்னால் பம்பரையும் பின்னால் கேபின் மடிப்பையும் சேர்த்து இடிக்கும். 265 அகலத்துக்கு 7 அங்குல ரிம்மே போதும், கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். அலைன்மென்ட்டில் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கொஞ்சம் கூட்டினால் சக்கரம் முன்னால் நகர்ந்து மடிப்புப் பக்கம் இடம் கிடைக்கும், ஆனால் பம்பர் பக்கம் அவ்வளவு இடம் போகும்.

குன்னூர், டிங்கரிங் பட்டறை

வேலையை எளிதானதிலிருந்து ஆரம்பிக்கணும். பிளாஸ்டிக் லைனரை ஹாட் ஏர் கன்னால் இளக்கி உள்ளே தள்ளினாலே சில வண்டிக்கு முடிந்துவிடும். அதன் பின்னால் ஒயரிங்கும் கண்ணாடித் தண்ணீர் டப்பாவும் இருக்கும், அவற்றை முதலில் ஒதுக்குங்கள். கேபின் அடிமடிப்பு இரண்டு தகடு ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்த இடம். அதை வெட்டினால் இணைப்பே விட்டுப்போகும். சுத்தியலால் பின்பக்கமாக மடித்துத் தட்டி, விரிந்த பெயின்ட்டைச் சுரண்டி, பிரைமர், சீம் சீலண்ட் (தகட்டு இடுக்கை அடைக்கும் பசை), அதன்மேல் பெயின்ட். சீலண்ட் விட்டால் கார்ப்பெட்டின் அடியில் தண்ணீர் வரும்.

முன் மட்கார்டு ஒற்றைத் தகடு, போல்ட்டில் நிற்பது. உள்விளிம்பை மடிக்க, ஹப்பில் மாட்டும் ரோலர் நல்லது. குன்னூர், ஊட்டிக் குளிரில் காலையில் அப்படியே மடித்தால் பெயின்ட் வெடிக்கும். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேற்றி, நாலைந்து சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள். வெட்டித்தான் ஆகணும் என்றால் டேப் ஒட்டிக் கோடு போட்டு, கோட்டுக்கு 5 மி.மீ. முன்னாலேயே 1 மி.மீ. கட்டிங் வீலால் வெட்டி, மாட்டிப் பார்த்து, மீதியை அரத்தால் எடுங்கள்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே வெளித்தகடு, உள்தகடு என்று இரண்டு. விளிம்பை வெட்டினதும் நடுவில் வாய் திறக்கும், சேறும் தண்ணீரும் நேராக உள்ளே போகும். உள்தகட்டில் 3 செ.மீ.க்கு ஒரு வெட்டு போட்டு, நாக்கு நாக்காக வெளித்தகட்டோடு மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டு வைக்கணும். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகடு நெளியும், பட்டி போட்டு மறைத்தாலும் அது நிற்காது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டீசல் ஊற்றும் குழாய் பின்சக்கர வளைவுக்குப் பக்கத்திலேயே போகும், அதைக் கழற்றி மூடாமல் தீப்பொறி வரும் எந்த வேலையும் கூடாது. கடைசியில் உள்பக்கம் மெழுகு ஸ்பிரே.

கூடலூர்

இங்கே தென்மேற்குப் பருவமழையில் செம்மண் டயர் பட்டனில் ஒட்டிக்கொண்டே போகும். காய்ந்த ரோட்டில் 15 மி.மீ. சரி, தோட்டத்துக்குள் போகும் வண்டிக்கு 25 வையுங்க. இல்லைன்னா சேறே லைனரைப் பிய்த்துவிடும்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினால் ஃபிளேர் (மட்கார்டு விளிம்பில் மாட்டும் அகல மறைப்பு) கட்டாயம், கல் அடிப்பது பின்னால் வருகிறவர் கண்ணாடியில். டேப்பை மட்டும் நம்பின ஃபிளேர் இந்த ஈரத்தில் கழன்றுவிடும். எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட், ரப்பர் வாஷர், ஓட்டை போட்ட விளிம்பில் பிரைமர். ஃபிளேரின் கீழ்க்கோடியை அடைக்காமல் தண்ணீர் வடிய விடுங்க. மழைக்காலம் முடிந்ததும் கழற்றிப் பார்த்தால் துரு ஆரம்பத்திலேயே தெரியும்.

ஊட்டி, வி-கிராஸ்

மீதி மூன்று விஷயம். 804 டயரில் மீட்டர் 60 காட்டினால் வண்டி 64-க்கு மேல் ஓடுது. அதே கியரில் இன்ஜின் பிடிப்பு சுமார் 7 சதவீதம் குறையும், இறக்கத்தில் முன்பு மூன்றாவதில் வந்த இடத்துக்கு இரண்டாவது போடுங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தகட்டை வெட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேளுங்க.

ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்க. நாலு சக்கர டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக ஓடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுகும். டெக்கின் அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் 804 உட்காருமா என்று டயர் வாங்கும் முன்பே டேப் பிடித்துப் பாருங்க.