மறுமொழி: 'கேஷ்' – கரவகமா, தேக்ககமா, கைப்படியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வலைத்தளம் இயங்கும் முறை பற்றிய பதினொன்றாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்களன்று கோத்தகிரியில் அச்சுக்குப் போகிறது. உலாவி (பிரவுசர்) கேட்கிறது, சேவையகம் (சர்வர்) பக்கத்தை அனுப்புகிறது, அதன் படியொன்றை உலாவி தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பது வரை எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் 'கேஷ்' (cache) எனப்படும் அந்த வைப்புக்குத்தான் தமிழ்ப் பெயர் அமையவில்லை.

ஒளித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து 'கேஷ்' பிறந்ததால் 'கரவகம்' என்பதே பொருந்தும் என்று உதகை நண்பர் கரந்துறை பாட்டு (ஒரு பாட்டுக்குள் இன்னொன்று மறைந்திருப்பது) வரை சென்று வாதிட்டிருக்கிறார். ஆனால் குறளின் 106ஆம் அதிகாரமான 'இரவு' (இரத்தல்) என்பதில், கரத்தல் என்பது கேட்பவருக்குக் கொடாமல் மறைப்பது. கேஷோ கேட்ட கணமே எடுத்துக் கொடுப்பது. (மாணவர்களுக்குக் கரப்பான் பூச்சிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு.)

'தேக்ககம்' என்றால் பைக்காரா அணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். எனினும் அணையில் தேங்கிய நீர் ஆற்றில் ஓடுவதில்லை. இங்கே மூலம் சேவையகத்தில் அப்படியே இருக்க, படி மட்டுமே நம்மிடம் தங்குகிறது.

சென்ற வாரம் ஒரு மாணவி தன் பக்கத்தில் 'தெயிலை' என்றிருந்ததைத் 'தேயிலை' என்று திருத்திச் சேவையகத்தில் ஏற்றினாள். திரையில் தெயிலையே நின்றது. கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வைத்திருந்த படியை விடுத்துச் சேவையகத்திலிருந்தே பக்கத்தை வரவழைத்ததும் சரியானது. "அப்போ நம்ம கையில இருந்தது பழசா மிஸ்?" என்று கேட்டாள். 'கைப்படி' என்ற சொல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

தொடர்களில் இட்டுப் பார்த்தேன். '86,400 விநாடி, அதாவது ஒரு நாள், கழிந்ததும் கைப்படி காலாவதியாகிறது. பக்கம் மாறியதா என்று உலாவி கேட்க, மாறவில்லையெனில் சேவையகம் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்ப, கைப்படியே மீண்டும் திரைக்கு வருகிறது.' இடறவில்லை. இதுவரை நால்வர் இசைந்துள்ளனர். ஞாயிறு இரவுக்குள் மறுப்புகளை எழுதுங்கள்.

– கோத்தகிரியிலிருந்து

*

அம்மையீர்,

'கைப்படி' என்றதும் 'தன் கைப்பட எழுதியது' என்றே எங்கள் தலைமுறை கொள்ளும். மேலும் கேஷ் உலாவியில் மட்டும் இல்லை. கணினியின் செயலிக்குள்ளும் (பிராசசர்) இருக்கிறது, உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்ட கணினிகளிலும் இருக்கிறது. அவை யார் கை? அச்சுக்கு நேரமாகிவிட்டதால் தடுக்க மாட்டேன். அடைப்புக்குறிக்குள் 'கேஷ்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். என் வாக்கு தேக்ககத்துக்கே.

– குன்னூரிலிருந்து